பொல்கொட வாவிக்கரை நீச்சல் சேவை: உயிர்காப்பு நன்று, கரை ஒழுங்கு போதாது

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வாழும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க நினைத்தால், அவர்களுக்கு வாய்க்கும் இடங்கள் சிலவே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கல்கிசைக் கடல் கொந்தளிக்கிறது. நகருக்குள் உள்ள நல்ல நீச்சல் தடாகங்கள் பாடசாலைகளுக்கோ கழகங்களுக்கோ பெரிய விடுதிகளுக்கோ உரியவை. அதனால் மொரட்டுவை, பிலியந்தலை, பாணந்துறை ஆகிய ஊர்களுக்கிடையே விரிந்து கிடக்கும் பொல்கொட வாவியின் கரையில், வார இறுதி நாள்களில் நீச்சலும் படகோட்டமும் மதிய உணவும் சேர்த்து ஒரே கட்டணத்தில் வழங்கும் ஓய்வு விடுதிகளுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. அவற்றுள் பிலியந்தலைப் பக்கத்தில் உள்ள ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. அதன் பெயரை நான் தரவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஓர் இடத்தோடு நின்றுவிடுவதன்று, அதே ஒழுங்கில் நடக்கும் எந்த வாவிக்கரை இடத்துக்கும் அது பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரில் மூழ்காமல் காப்பதில் இந்தச் சேவை மிகுந்த அக்கறை காட்டுகிறது. நீரிலிருந்து ஏறிய பிறகு தோலுக்கு என்ன ஆகிறது என்பதில் அது சற்றும் அக்கறை காட்டவில்லை. இந்தக் குறை சிறிய செலவில் திருத்தக்கூடியது என்பதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நல்லவற்றை முதலில் சொல்ல வேண்டும். உயிர்காப்பு அங்கிகள் ஒவ்வோர் உடலளவுக்கும் இருந்தன. கிழிந்தவையோ கொக்கி உடைந்தவையோ என் கண்ணில் படவில்லை. நீந்துவோரைக் கவனிக்க நின்ற இளைஞர்கள் கைப்பேசியைத் தொடாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து ஒரு மரப்பாலம் வழியாகச் செல்லும் மிதவை மேடை உறுதியாக அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஆழமான நீருக்குள் நேரே இறங்கலாம். வாவியின் சில பகுதிகளில் முதலை நடமாட்டம் உண்டு என்பதனால் காலையில் படகில் சென்று சுற்றுப்புறத்தைப் பார்த்துவிட்டே ஆள்களை இறக்கினார்கள். மதிய உணவு சுமாரானது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கான கட்டணம் வெள்ளவத்தையில் ஒரு நல்ல உணவகத்தில் அதே நால்வர் வயிறாரச் சாப்பிடும் செலவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பெறும் சேவைக்கு அது அதிகமில்லை.

இனிக் குறை. என்னோடு வந்திருந்த என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் சிறுவர்களுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கியிருந்த ஆழமற்ற பகுதியில் காலை முழுவதும் விளையாடினார்கள். வீடு திரும்பும் வழியிலேயே மூத்தவள் கால் கடிக்கிறது, அரிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். இரவுக்குள் முழங்காலுக்குக் கீழே சிவந்த சிறு தடிப்புகள் எழும்பின. மறுநாள் அவற்றுள் சில நீர் கோத்த கொப்புளங்களாயின. முன்னரும் அங்கே குளித்திருந்த அவளுக்கு இப்படிக் கடுமையாக வந்தது. முதன்முறை இறங்கிய இளையவனுக்கு ஆங்காங்கே சில புள்ளிகளே தோன்றின. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, நீச்சலுடை மூடியிருந்த இடத்தில் தடிப்பு இருக்கிறதா என்பது. இல்லை என்றதும், கடலா குளமா என்று கேட்டார். வாவி என்றோம். நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணியால் ஏற்படும் தோலழற்சியாகவே இதைக் கருத வேண்டும் என்றும், கவலைப்படத் தேவையில்லை என்றும் சொல்லி, கடிக்கு ஒரு பூச்சு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

அவருடைய கேள்விகளின் பொருள் பின்னர்தான் எனக்கு நன்கு விளங்கியது. கடலில் ஜெலி மீன்களின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பருவங்களால் வரும் தடிப்பு, அவை உடைக்குள் சிக்கிக்கொள்வதால் பெரும்பாலும் உடைக்கு அடியிலேயே தோன்றுகிறது. நன்னீரில் வரும் இந்தத் தோலழற்சியோ உடை மூடாத இடங்களில் தோன்றுகிறது. ஒரே வாரத்தில் கல்கிசையிலும் பொல்கொடவிலும் குளிக்கும் பிள்ளைகள் கொழும்பில் பலர் இருப்பதனால், பெற்றோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைச் சற்று விளக்கினால்தான் விடுதியின் கரை ஒழுங்கில் எது பிழை என்பது புரியும். நீர்ப்பறவைகளின், சில இனங்களில் மாடு எருமை போன்ற விலங்குகளின், இரத்தக் குழாய்களில் வாழும் தட்டைப்புழுக்களின் முட்டைகள் எச்சத்தோடும் சாணத்தோடும் நீரில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர் நீந்திச் சென்று, தனக்கு ஏற்ற இனத்து நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. சில வாரங்களில் அந்த நத்தை, செர்கேரியா எனப்படும் பிளவுபட்ட வாலுடைய இளம்புழுக்களை ஆயிரக்கணக்கில் நாளுக்கு நாள் வெளியிடத் தொடங்குகிறது. இவை ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் ஒரு தாராவையோ மாட்டையோ கண்டடைந்தாக வேண்டும். தோலில் உள்ள கொழுப்பமிலங்களே துளைத்து உட்புகும்படி அவற்றைத் தூண்டுகின்றன; மனிதத் தோலிலும் அவை இருப்பதனால் புழு ஏமாந்து நம் தோலுக்குள் நுழைகிறது. நம் உடலில் அது வளர முடியாது, தோலிலேயே இறந்துபோகிறது. இறந்த புழுவுக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையே நாம் காணும் தடிப்பும் கடியும். அதனால்தான் முதன்முறை இறங்குபவருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். மீண்டும் மீண்டும் இறங்குபவருக்கு ஒவ்வாமை கூடிக்கூடி வருகிறது. அக்காவின் இரு பிள்ளைகளுக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு இதனோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட விடயமன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டக்ளஸ் ஏரியில் குளிப்போருக்கு வந்த தோலழற்சிக்கு இப்புழுக்களே காரணம் என்று ஒட்டுண்ணி ஆய்வாளர் டபிள்யூ. டபிள்யூ. கோர்ட் 1928இல் எழுதினார். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மலாயாவிலிருந்து வந்தது: நெல் வயலில் இறங்கி வேலை செய்வோரின் கால்களில் வந்த கடுங்கடிக்கு, மாடுகளில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பிண்டாலே என்ற புழுவின் செர்கேரியாக்கள் காரணம் என்று பக்லி என்ற ஆய்வாளர் 1938இல் காட்டினார். அந்தப் புழுவுக்கு இடந்தரும் இந்தோபிளானோர்பிஸ் எக்ஸஸ்டஸ் என்னும் நத்தை நம் நாட்டிலும் உண்டு. தட்டையாகச் சுருண்ட பழுப்பு ஓடுடைய சிறிய நத்தை அது, தேங்கிய நீரில் செடிகளைப் பற்றி வாழும். மாடுகளின் மூக்குச் சவ்வில் வாழ்ந்து, அவை நீர் அருந்தும்போது சளியோடு முட்டைகளை நீரில் விடும் சிஸ்டோசோமா நாசாலே என்ற மற்றொரு புழு இலங்கை மாடுகளில் இருப்பது பற்றிய ஆய்வு 1989இல் வெளியாகியிருக்கிறது. அதற்கும் இடந்தருவது அதே நத்தைதான். வாவியோரச் சதுப்பில் எருமைகள் படுத்துக் கிடப்பதும், நீர்ச்செடிகளுக்கிடையே பறவைகள் கூடுவதும் நம் கண்ணுக்குப் பழகிய காட்சிகள். புழுவுக்கும் நத்தைக்கும் வேண்டியவை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றோடு மனிதத் தோலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இந்தக் கோணத்திலிருந்து விடுதியின் கரையைப் பார்த்தால் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சிறுவர் பகுதி, கரையோடு ஒட்டி, நாணலும் நீர்ச்செடியும் மண்டிய ஓரத்தில், காற்று மேலே மிதப்பவற்றையெல்லாம் கொண்டுவந்து ஒதுக்கும் மூலையில் அமைந்திருக்கிறது. செர்கேரியாக்கள் நீரின் மேற்பரப்பை ஒட்டி மிதப்பவை. கரை நோக்கி வீசும் காற்றில் அவை அங்கேயே திரளும். நத்தைகள் வாழ்வதும் அந்த ஆழமற்ற செடியோரத்திலேயே. மூழ்கும் ஆபத்து குறைவு என்று கருதி அந்த இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் மிதவை மேடைக்கு அருகே, கரையை விட்டு விலகிய நீரில், வலை கட்டி அடித்தளமிட்ட ஒரு சிறுவர் தடுப்பை அமைத்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றாகக் குறையும்.

அதைவிட என்னை வருத்தியது தாராத் தீனி. சிறுவர் பகுதியிலிருந்து சில அடி தள்ளி ஒரு மேசையில் சிறு பைகளில் தீனி விற்கிறார்கள். பிள்ளைகள் அதை வாங்கி, தாம் குளிக்கும் நீரிலேயே தாராக்களுக்கு எறிகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாண் துண்டுகளும் சேர்கின்றன. பறவைகள் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. எச்சம் விழும் இடமும் நத்தை வாழும் இடமும் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நிற்கும் இடமும் இப்படி ஒன்றாகிவிடுகின்றன. நீந்தும் இடத்தருகே பறவைகளுக்கு உணவிடாதீர்கள் என்பது இந்தத் தோலழற்சியைத் தடுப்பதற்காக உலகெங்கும் கூறப்படும் முதல் அறிவுரைகளுள் ஒன்று. இங்கே அதற்கு நேர்மாறானதைக் காசு வாங்கிக்கொண்டு செய்யத் தூண்டுகிறார்கள். தாராக்கள் மீது எனக்கு வெறுப்பில்லை. பிள்ளைகள் அவற்றைக் கண்டு மகிழ்வதும் நல்லதே. அந்த மேசையை உணவகத்தின் மறுபக்கக் கரைக்கு மாற்றினால் எல்லாருக்கும் போதுமானது.

மூன்றாவது, குளியலிடம். நீரிலிருந்து ஏறியவுடன் உடலைத் துவாயால் அழுத்தித் துடைப்பதும் நல்ல நீரில் கழுவுவதும் புழுக்கள் தோலுக்குள் புகும் வாய்ப்பைக் குறைக்கும். தோலிலேயே நீர் உலர விடுவது அந்த வாய்ப்பைக் கூட்டும். பிள்ளைகளுக்கு இது அதிகம் வருவதற்கு ஒரு காரணம், அவர்கள் ஓரத்திலேயே விளையாடி, நீருக்குள் போவதும் வருவதுமாக இருந்து, துடைக்காமலே வெயிலில் உலர்வதுதான். இந்த விடுதியில் குழாய்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே, மேட்டில், கரையிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் உலர்ந்துவிடுகிறார்கள். துவாய் தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. கரையிலேயே இரண்டு குழாய்களும், கட்டணத்தோடு சேர்த்து ஒரு துவாயும் கொடுத்தால் இந்தச் சேவையின் தரம் உடனே உயரும்.

இவற்றைப் பொறுப்பாளரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். “தண்ணீரைச் சோதித்துத்தான் ஆக்களை இறக்குகிறோம் ஐயா, அறிக்கை அந்தச் சுவரில் இருக்கிறது” என்று காட்டினார். சட்டம் போட்ட அந்த அறிக்கையை நான் படித்தேன். அது மலத்தில் வாழும் பக்டீரியாக்களின் அளவைச் சொல்லும் சோதனை. அது அவசியமான சோதனை. அதைச் செய்து, எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்குச் செர்கேரியா தெரியாது. நீர் தெளிவாகவும் பக்டீரியா குறைவாகவும் உள்ள ஏரிகளிலும் இந்தக் கடி வருகிறது. டக்ளஸ் ஏரி அழுக்கான குட்டை அல்ல. நீர் சுத்தமா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட்டால், நத்தையைப் பற்றிக் கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

அருகில் நின்ற ஊழியர் ஒருவர், அப்படியானால் மயில்துத்தம் போட்டு நத்தையைக் கொன்றுவிடலாமே என்றார். அந்த யோசனையை நான் உறுதியாக மறுத்தேன், இங்கும் மறுக்கிறேன். ஒரு காலத்தில் அமெரிக்க ஏரிகளில் அதைத்தான் செய்தார்கள். மயில்துத்தத்தில் உள்ள செம்பு நத்தையை மட்டும் கொல்வதில்லை, மீனையும் மற்ற உயிர்களையும் தாக்குகிறது, அடிச்சேற்றில் தங்குகிறது. நத்தையோ சில காலத்தில் பக்கத்து நீரிலிருந்து மீண்டும் வந்துவிடுகிறது. ஆறுகளோடும் கால்வாய்களோடும் கடலோடும் தொடர்புடைய, பலர் மீன்பிடித்து வாழும் ஒரு வாவியில், ஒரு விடுதியின் வார இறுதி வசதிக்காக நஞ்சு கொட்டுவதை எவரும் நினைத்தும் பார்க்கக் கூடாது. குளிக்கும் இடத்தில் மட்டும் செடிகளைக் கையால் அகற்றுவதே போதும்.

இதைப் படிக்கும் பெற்றோர் தேவையற்று அஞ்சக் கூடாது என்பதனால் இன்னொன்றையும் தெளிவாக்குகிறேன். இணையத்தில் நத்தை, புழு என்று தேடினால் பில்ஹார்சியா நோய் முதலில் வந்து நிற்கும். 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர் கண்ட புழுவினால் வரும் அந்நோய், மனித உடலுக்குள் வளர்ந்து சிறுநீர்ப்பையையும் கல்லீரலையும் கெடுப்பது. ஆபிரிக்காவின் மலாவி, விக்டோரியா ஏரிகளில் குளித்தவர்கள் அதற்காகச் சோதித்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் அந்நோய் பரவி வருவதில்லை. இங்கே நாம் பேசுவது அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பறவைகளுக்கும் மாடுகளுக்கும் உரிய புழுக்கள். அவற்றால் வரும் கடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். கடியைத் தணிக்கக் கலமைன் பூச்சு, குளிர்ந்த நீரில் நனைத்த துணி, அப்பச்சோடா கலந்த நீரில் குளியல் ஆகியவை போதும். கடுமையானால் வைத்தியர் ஸ்டீரொயிட் பூச்சு எழுதித் தருவார். சொறியக் கூடாது. நகம் பட்டுப் புண்ணானால் பக்டீரியா தொற்றி, எளிய கடி பெரிய வேதனையாகிவிடும். பிள்ளைகளின் நகங்களை அன்றே வெட்டிவிடுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. 2008இல் நாட்டையே உலுக்கிய அந்நோய், எலிகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து சிறு காயங்கள் வழியாக உடலுக்குள் புகுகிறது. வாவியில் குளித்து ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தோல் கடியோடு அதைக் குழப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல், நீரில் இறங்கியதைச் சொல்லி உடனே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். கனமழைக்குப் பிந்திய நாள்களில் எந்த வாவியிலும் இறங்காதிருப்பதே நல்லது. இந்த விடுதி மழைக்குப் பின்னரும் முன்பதிவுகளை ஏற்கிறது; அதையும் ஒரு குறையாகவே பதிவுசெய்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நத்தைகள் பெரும்பாலும் காலை வெளிச்சத்தோடும் வெப்பத்தோடும் செர்கேரியாக்களை வெளியிடுகின்றன. சிறுவர் வகுப்போ காலையிலேயே நடக்கிறது. பிற்பகலுக்கு மாற்றுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் பருவக்காற்று மாறும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்புப் பக்கத்தில் பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது. மின்னலோடு ஒப்பிட்டால் நத்தைப்புழு ஒரு பொருட்டே அல்ல. மற்ற மாதங்களில் மூன்று மணிக்குப் பிந்திய வகுப்பொன்றை அவர்கள் நடத்தலாம். வெயிற்காப்புப் பூச்சு மட்டும் இந்தப் புழுவைத் தடுக்காது. உடலோடு ஒட்டிய முழுக்கால் நீச்சலுடை அது மூடும் இடங்களுக்கு நல்ல பாதுகாப்பு.

இந்த இடத்துக்கு நான் மீண்டும் போவேன். பெரியவர்கள் மிதவை மேடையிலிருந்து ஆழமான நீரில் நீந்துவதற்கு, கொழும்புக்கு இவ்வளவு அருகே இதைவிடப் பொறுப்பாக நடத்தப்படும் சேவையை நான் காணவில்லை. பிள்ளைகளைச் சிறுவர் பகுதியில் இறக்கும்படி இப்போதைக்கு எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்னர் ஒருமுறை இந்தக் கடி வந்த பிள்ளையை நிச்சயமாக இறக்க வேண்டாம். கரையில் இரண்டு குழாய்கள் வைப்பதற்கும் தீனி மேசையை மறுபக்கம் கொண்டுபோவதற்கும் பொறுப்பாளர் இசைந்திருக்கிறார். முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது அந்த இரண்டும் நடந்துவிட்டனவா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால், மேடைப் பக்கத்துக்கு மட்டும் பதிவுசெய்துகொண்டு, ஆளுக்கொரு துவாயை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.